எந்தக் குப்பி அப்பாவுடையது

மட்டாஞ்சேரி,
15.10.2006

என் கண்ணான ஸாதனாவுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். இங்கு எல்லோரும் சௌக்கியம் என்று எழுதித்தான் கடிதம் தொடங்க வேண்டும். ஓணத்துக்கு முன்னாலிருந்தே அந்த வரியை எழுதப் பிடிக்காமல்தான் உன்னோடு போனிலேயே பேசிக்கொண்டிருந்தேன். இன்று தைரியமாக எழுதுகிறேன், எல்லோரும் சௌக்கியம். அப்பா வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் முதல் வேலையாக, நான் இல்லாதபோது யார் என் நாற்காலியை நகர்த்தியது என்று சண்டை பிடித்தார்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போன் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் ரிசீவரை எடுத்தால் போதும், பேப்பரைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்கிறார். தவிர, ஆயுசில் பாதியைப் போஸ்ட் ஆபீஸ் கௌண்டரில் கழித்தவளுக்குக் கடிதத்தில்தான் மனம் விட்டுப் பேச வரும். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகப் படி. அம்மை போட்டுப் படுத்திருக்கிறவளுக்கு வேறு என்ன வேலை?

அம்மைத் தழும்பைச் சொரியாதே. ஆபரேஷன் சமயத்தில் பக்கத்தில் இல்லையே என்று போனில் அழுதாயே, அந்த அழுகையும் இனி வேண்டாம். நுரையீரலில் கத்தி வைத்த ஆளின் பக்கத்தில் அம்மைக்காரி வந்தால் கதவைத் தாண்ட விடமாட்டேன் என்று டாக்டரே சொன்னார். நீ வந்திருந்தால் வெளியே நின்று அழுதிருப்பாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

வலது பக்கத்து மேல் பாகத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். கட்டி சின்னதுதான், நெறிக்கட்டிகளுக்குப் பரவவில்லை, மருந்து ஏற்ற வேண்டியதில்லை, அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். ஹெர்னியாவுக்கு முன்பரிசோதனையாக நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கப்போன இடத்தில் இது அகப்பட்டதே, அது எந்த ஜன்மத்துப் புண்ணியமோ. அதைப் பார்த்துவிட்டு டி.பி. என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்த அந்த முதல் டாக்டரை மட்டும் என்றைக்காவது போட் ஏறும் துறையில் பார்த்தால் நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன்.

சிகரெட் இனி இல்லை என்று அப்பா சத்தியம் செய்திருக்கிறார். வெலிங்டன் தீவில் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை பார்த்த காலம் முழுவதும் திரும்பி வரும் போட்டில் ஊதித் தள்ளிவிட்டு, மட்டாஞ்சேரி ஜெட்டியில் இறங்கியதும் கிராம்பு மென்றுகொண்டு வருவார். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. கிராம்பு வாசனை வந்தால் அப்பா சிகரெட் பிடித்திருக்கிறார் என்று நீ யு.கே.ஜி. படிக்கும்போதே கண்டுபிடித்துவிட்டாய். நோயைக் கண்டுபிடிக்கிற உத்தியோகத்துக்கு நீ போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இனி அந்தக் குப்பி விஷயம். உன் லேபிலிருந்து வந்த சுதர்ஷன் அரைகுறையாகச் சொல்லியிருப்பான், முழுக் கதையை நான் சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர், உங்கள் மகளின் லேபுக்குக் கொடுக்க வேண்டியது என்று என் கையில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பியைத் தந்தார். ஆஸ்பத்திரி ஃப்ரீசர் ரிப்பேர் என்றும், இன்று ராத்திரி வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து நாளைக்கு ஐஸ் அறைக்கு மாற்றிவிட்டால் ஹைதராபாத்திலிருந்து ஆள் வரும்வரை கெடாது என்றும் சொன்னார். உள்ளே உப்புத் தண்ணீரில் கடுமாங்காய் வடு ஊறுகிற மாதிரி ஒரு துண்டு மிதந்தது. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் செய்த மனிதரின் உடம்பில் ஒரு துளியை இப்படிக் கையில் பிடித்துக்கொண்டு போட்டில் வருவேன் என்று யார் கண்டார்கள்? போட்டில் பக்கத்து ஆள் மேலே இடிக்க வந்தபோது அவனை நான் பார்த்த பார்வையில் அவன் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் தர்மசங்கடம். நம் ஃப்ரிட்ஜில் பாலும் தயிரும் இட்லி மாவும் இருக்கின்றன. எது எதன் பக்கத்தில் இருக்கலாம், எதைத் தொட்டால் கை அலம்ப வேண்டும் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு என்பது உனக்குத் தெரியாததா? அப்பாவுடைய மாம்சம்தான் என்றாலும் மாம்சம் மாம்சம்தானே. எல்லாவற்றையும் எடுத்து மாடியில் குடியிருக்கும் சுனிதாவின் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, நம்முடையதைத் துடைத்துச் சுத்தம் செய்து, குப்பியையும் குழாயடியில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி வைத்தேன். மூடியைத் திறக்கவில்லை, பயப்படாதே. ஆனால் டாக்டர் மேலே எழுதியிருந்த பெயர் சோப்போடு போய்விட்டது.

மறுநாள் பகலில் பிடித்த மழையில் கரண்ட் போனது, போனதுதான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்போது ஷிஃப்ட் முடிந்து வந்த சுனிதாவின் புருஷன் சிஜுவிடம் சொன்னேன். அவன் இடக்கொச்சியில் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் ஃப்ரீசர் ஓட்டுகிறவன் அல்லவா? அம்மே ஒட்டும் பேடிக்கண்டா, ஞங்ஙள்டெ கொஞ்சு ஜப்பான் வரெ கேடாவாதெ போகும் என்று சிரித்துக்கொண்டே குப்பியை வாங்கி ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டான். எங்கள் இறாலே ஜப்பான்வரை கெடாமல் போகிறது, இதற்கா பயம் என்கிறான். ஆக, மீன் வாசனை அடித்தாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் பிச்சுமணி ஐயரின் நுரையீரல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இறால் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தது. இதை அவரிடம் சொன்னபோது தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்.

திங்கட்கிழமை சுதர்ஷன் வந்தான். நல்ல பையன், கல்பாத்தி அக்கிரஹாரத்துக்காரனாம், இதை நீ ஏன் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை? சிஜுவோடு போய்க் குப்பியை எடுத்து வந்தவன், இதில் பெயர் எங்கே மாமி என்று கேட்டான். கழுவிவிட்டேன் என்றேன். குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நன்னாச் செய்தேள், எப்படியும் பேர் இருக்கப்படாது என்று சொல்லி ஒரு நம்பர் சீட்டை ஒட்டினான். என்ன நம்பர் என்று எட்டிப் பார்த்தேன். கையால் மறைத்துக்கொண்டான்.

அப்புறம் அடையும் அவியலும் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் விளக்கினான். அந்தத் துண்டிலிருந்து நீங்கள் பிரித்தெடுக்கிற இந்த ஆர்.என்.ஏ. என்பது வெறும் கை பட்டால் கெட்டுவிடுமாம், வியர்வை பட்டால் கெட்டுவிடுமாம், எச்சில் தெறித்தால் கேட்கவே வேண்டாமாம். அதனால் கையுறை போட்டு, வாயைக் கட்டி, தண்ணீரைக்கூடத் தனியாகச் சுத்தி செய்து, அதற்கென்று வேறு இடம், வேறு பாத்திரம் வைத்திருக்கிறீர்களாம். அடி பெண்ணே! அரை டம்ளர் குடித்துவிட்டு மீதியை அடுப்பு மேடையில் வைக்காதே என்று நான் படித்துப் படித்துச் சொன்னபோது மூட நம்பிக்கை என்று சொன்னவள்தானே நீ? இப்போது சம்பளம் வாங்கிக்கொண்டு அதையே செய்கிறாய். இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று உனக்குப் புரியாது.

தீபாவளிக்கு வரவேண்டாம். உடம்பு தேறட்டும். பட்சணம் பார்சலில் அனுப்புகிறேன், முறுக்கு உடையாமல் கட்ட எனக்குத் தெரியும்.

அன்புடன் அம்மா,
கமலாக்ஷி


மட்டாஞ்சேரி,
22.1.2007

என் செல்ல ஸாதனாவுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. கிறிஸ்துமஸ் லீவுக்கு நீ வந்து போனபிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. நீ மறந்துபோன பச்சைத் துண்டை அப்பா நாற்காலி முதுகில் போட்டுக்கொண்டிருக்கிறார். துவைக்கக் கேட்டால் தர மறுக்கிறார்.

அவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், என்னைவிட நன்றாக இருக்கிறார் என்றுதான் சொல்லவேண்டும். இப்போது ஒரு புதுப் பழக்கம். சாயங்காலம் ஜெட்டிக்கு நடந்துபோய் எர்ணாகுளம் போட்டில் ஏறுகிறார். அங்கே இறங்குவதில்லை. அதே போட்டில் உட்கார்ந்தபடியே திரும்பி வருகிறார். என்ன இது கூத்து என்று கேட்டால், இத்தனை வருஷம் ஆபீசுக்குப் போகவும் வரவும்தான் போட் ஏறினேன், ஒரு நாளாவது தண்ணீரைப் பார்த்தேனா என்கிறார். நுரையீரல் கொஞ்சம்தான் இருக்கிறது, அரை டிக்கெட் போதாதா என்று டிக்கெட் கொடுக்கிறவரிடம் கேட்டாராம். அந்த மனுஷர் மனம் இளகி நிஜமாகவே அரை டிக்கெட் கிழிக்கப் போய்விட்டாராம்.

அவர் இப்படி இருக்கும்போது நான் ஏன் கவலைப்பட வேண்டும்? ஆனால் பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என்னோடு கோவிலுக்கு வரும் காமாக்ஷியின் அண்ணா வெங்கிடாசலம் ஞாபகம் இருக்கிறதா, வங்கியில் இருந்தவர், திருவாதிரைக் களி வாங்க நம் வீட்டுக்கு வருவாரே? அவருக்கும் போன வருஷம் இதே ஆபரேஷன். இதே மாதிரி, சின்னக் கட்டி, பரவவில்லை, கவலைப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். போன வாரம் முதுகு வலிக்கிறது என்று போனால் எலும்பில் வந்திருக்கிறதாம். காமாக்ஷி கோவில் நடையில் நின்று சொன்னாள். உள்ளே போகாமலேயே திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்பா முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தார். சும்மா அரிப்புதான். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அதனால்தான் இந்தக் கடிதம். நீ இங்கே இருந்தபோது சொன்னதை நான் எத்தனையோ தடவை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். நம் பஜார் ரோட்டில் மசாலா மூட்டை அடுக்கும் எல்லாக் கிட்டங்கிக்கும் ஒரே மாதிரி பலகைதான் தொங்குகிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எங்கே இன்றைக்குச் சுக்கு பிரிக்கிறார்கள், எங்கே மிளகு காய்கிறது, எந்தக் கிட்டங்கியில் மூட்டை நனைந்து பூஞ்சை பிடித்திருக்கிறது என்று வாசனையே சொல்லிவிடும். ஆர்.என்.ஏ. என்பது அந்த வாசனை. கட்டிக்குள் இன்றைக்கு என்ன வேலை நடக்கிறது என்று அது சொல்கிறது. டாக்டர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறது வெறும் பலகை. வெங்கிடாசலத்தின் கட்டியும் அப்பாவின் கட்டியும் பார்வைக்கு ஒன்றுதான், உள்ளே வெவ்வேறாக இருக்கலாம்.

சில ஆர்.என்.ஏ. கூடியும் சில குறைந்தும் இருந்தால் நோய் திரும்பி வருகிற கூட்டம், இல்லாவிட்டால் வராத கூட்டம் என்று நாற்பது சொச்சம் பேரின் குப்பிகளையும் பிரித்துவிட்டதாகச் சொன்னாய். நல்ல கூட்டம்தான் பெரிது என்றாய். அதில் எது அப்பா என்று கேட்டபோது, எனக்குத் தெரியாது அம்மா, எல்லாம் நம்பர்தான், நம்பருக்குப் பெயர் சுதர்ஷனிடம் மட்டும்தான் இருக்கிறது, அதை நான் கேட்கவே கூடாது, கேட்டால் பரிசோதனையே கெட்டுப்போகும் என்றாய்.

ஏன் கேட்கக்கூடாது? நான் உன் அம்மா, அவர் உன் அப்பா. அவர் உடம்பிலிருந்து எடுத்ததை நீயே உன் கையால் அரைத்து, நீயே மிஷினில் போட்டு, விடையையும் நீயே எழுதி வைத்துவிட்டு, அது யாருடையது என்று தெரியாது என்றால் எந்த ஊர் நியாயம் இது? சுதர்ஷன் உன் பேச்சைத் தட்டமாட்டான். உன் பெயரைச் சொன்னால் அவன் காது சிவப்பதை அன்றைக்கு நான் பார்த்தேன். ஒரே ஒரு நம்பர். யாருக்குத் தெரியப்போகிறது?

இது இன்னும் சோதனைதான், சரியா தப்பா என்று தெரியவே வருஷங்கள் ஆகும், தெரிந்தாலும் இப்போது அப்பாவுக்கு வைத்தியம் எதுவும் மாறப்போவதில்லை என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. நம் டாக்டரிடமும் கேட்டேன், அவரும் அப்படியேதான் சொன்னார். எந்தக் கூட்டமானாலும் அதே ஸ்கேன், அதே செக்கப்தானாம். வைத்தியத்துக்காக நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். அவர் இருமும்போது பயப்படுவதா, சும்மா இருப்பதா என்று எனக்குத் தெரியவேண்டும்.

அப்பாவிடம் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அவளைத் தொந்தரவு பண்ணி எடங்கேறாக்காதே, கேட்டியா, ஏது கூட்டத்திலே இருந்தா என்னாக்கும், சாயா ஆறிப்போறது என்று டம்ளரை நீட்டினார். ஆபரேஷனுக்கு முன்னாலேயே டாக்டர் இவரைக் கேட்டாராம், இதில் உங்களுக்கு ஒரு பதிலும் வராது, சம்மதமா என்று. அடுத்தவனுக்காவது பிரயோஜனப்படட்டும் என்று சொல்லிவிட்டாராம். அது அவர் சம்மதம். என்னை யாரும் கேட்கவில்லையே.

யோசித்துச் செய். ஆனால் செய்.

பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கும்,
அம்மா


மட்டாஞ்சேரி,
10.3.2007

ஸாதனா, என் தங்கமே,

ஆசீர்வாதம். இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். என் பழைய கௌண்டரில் இப்போது உட்காரும் பெண்ணிடம் நேரில் நின்று, அடுத்த பையிலேயே போகவேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். நீ அவசரப்பட்டு ஒன்றும் செய்துவிடாதே.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அடுத்த வாரம் சுதர்ஷனிடம் கேட்டுவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்காக அந்த ஆராய்ச்சியிலிருந்து உன் பெயரை எடுத்தாலும் பரவாயில்லை, அம்மா நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டுச் சமையலறையில் போய் நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று நினைக்காதே. வெட்கத்தில் அழுதேன். அதற்குக் காரணம் முந்தாநாள் நடந்தது.

முந்தாநாள் சுதர்ஷன் இங்கே வந்தான். ஆஸ்பத்திரியில் வேறு யாருடையவோ குப்பிகளை எடுக்க வந்தவன், மாமாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சாயங்காலம் நம் வீட்டுக்கும் வந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு ஒரு விஷயம் சட்டென்று உறைத்தது. நம்பருக்குப் பெயர் அவனிடம் இருக்கிறது. எந்த நம்பர் எந்தக் கூட்டம் என்று நீ லேபில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாய். அப்படியானால் இவனுக்குத் தெரியும். அப்பா நல்ல கூட்டமா மற்றதா என்று தெரிந்த ஒரு ஆள் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறான்.

அதன்பிறகு நான் அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்பா போட்டில் நடந்த கதை சொன்னார், அவன் சிரித்தான். கொஞ்சம் அதிகமாகச் சிரிக்கிறானோ, பாவப்பட்டுச் சிரிக்கிறானோ என்று எனக்குத் தோன்றியது. அடை இன்னொன்று போடட்டுமா என்றேன், போடுங்கோ மாமி என்றான். மனசில் கள்ளம் இருந்தால் இப்படிச் சாப்பிடுவானா, ஆகவே நல்ல கூட்டம்தான் என்று தைரியம் வந்தது. அப்பா எழுந்தபோது அவன் கையைப் பிடித்துத் தாங்கினான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நான் எத்தனை நடை நடந்தேன் என்று கணக்கில்லை. ஒரு அடையைக் கருக்கியும்விட்டேன். கமலாக்ஷி அடையைக் கருக்குகிற வழக்கம் உண்டா?

கடைசியில் பொறுக்கமுடியாமல் வாசலில் வைத்து நேராகவே கேட்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே, மாமி, நான் அதை எடுத்து நோக்கவே இல்லை, எல்லாம் முடியற வரைக்கும் நோக்கவும் மாட்டேன், நிஜமாக்கும் என்றான். நம்பலாமா கூடாதா என்று அப்போதும் அவன் முகத்தைத்தான் பார்த்தேன். அந்தப் பையன் பஸ் ஏறிப் போய்விட்டான். ஆனால் அவன் தலையை ஆட்டிய விதம், வாசலில் திரும்பிப் பார்த்தது எல்லாம் இன்றுவரை என் கண்முன் ஓடுகின்றன. ஒரு சாயங்காலம், அதுவும் யாரோ ஒரு பையனின் முகம். அதற்கே இப்படி ஆகிவிட்டேன்.

அப்புறம் நேற்று உன் கடிதம் வந்தது. ஸாதனா, உனக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு இப்போது தெரிகிறது. நீ நல்ல கூட்டம் அம்மா என்று எழுதினாலும் நான் நம்பமாட்டேன். எனக்காகச் சொல்கிறாயோ என்று சந்தேகம் வரும். விஷுவுக்கு நீ வருவாய், அப்பாவோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவாய், நான் பரிமாறிக்கொண்டே உன் முகத்தைப் பார்ப்பேன். நீ அவருக்கு அப்பளம் எடுத்து வைத்தால் ஒரு அர்த்தம் வரும், எடுத்து வைக்காவிட்டால் ஒரு அர்த்தம் வரும். நீ போனில் குரலைத் தாழ்த்தினால் போதும், எனக்கு ராத்திரி போய்விடும். நான் பெற்ற பெண்ணின் முகத்தை நான் இனி ஒரு நாளும் சும்மா பார்க்க முடியாது.

உன் நிலைமை அதைவிட மோசம். நான் உன்னைப் பார்ப்பேன், நீ யாரைப் பார்ப்பாய்? மற்ற கூட்டம் என்று தெரிந்தால் அதைத் தனியாக உள்ளே வைத்துக்கொண்டு நீ எத்தனை வருஷம் சிரிப்பாய்? அதுவும் சரியா தப்பா என்றே யாருக்கும் தெரியாத ஒரு பதிலுக்காக. உன் வேலையில் கை படாமல், மூச்சுப் படாமல் எல்லாவற்றையும் அத்தனை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்கிற உன்னை, நானே பிடித்துத் தொடு தொடு என்று தள்ளினேன். ஆபீசிலிருந்து வந்து குளிக்காமல் யாராவது என் சமையலறையில் காலை வைத்தால் நான் எப்படிக் குதிப்பேன்? உன்னிடத்தில் அதைத்தான் செய்தேன். உன் அப்பாவுக்கு இதெல்லாம் சாயா ஆறுவதற்குள் புரிந்திருக்கிறது. எனக்கு இத்தனை நாள் பிடித்தது.

அதனால் கேட்காதே. சுதர்ஷனிடம் வேறு என்ன வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே. அவனிடமும் சொல், மாமி அன்றைக்கு முறைத்து முறைத்துப் பார்த்ததற்குத் தப்பாக நினைக்கவேண்டாம் என்று. அடுத்த தடவை கருகாத அடை தருகிறேன்.

இங்கே விசேஷம் வேறொன்றும் இல்லை. வெங்கிடாசலத்துக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்திருக்கிறார்கள், வலி குறைந்திருக்கிறதாம், காமாக்ஷி நேற்றுச் சிரித்துப் பேசினாள். அப்பாவுக்கு ஏப்ரல் முதல் வாரம் ஸ்கேன். அது எப்படியும் வந்துதானே ஆகவேண்டும், வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். அவர் இருமினால் இப்போதும் எனக்குத் திக்கென்றுதான் இருக்கிறது. அது என்னோடு இருக்கட்டும், எல்லா வீட்டிலும் பெண்டாட்டிகள் புருஷன் இருமலைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

விஷுவுக்குக் கட்டாயம் வா. டிக்கெட் இப்போதே எடுத்துவிடு. வந்து வழக்கம்போல் அப்பாவோடு பேப்பருக்குச் சண்டை போடு, அவர் போட்டுக்குக் கூப்பிட்டால் நீயும் போய்விட்டு வா, பச்சைத் துண்டைப் பிடுங்கித் துவைக்கப் போடு. ஒன்றும் தெரியாத என் பெண்ணாகவே வா. எனக்கு அந்த முகம் போதும்.

இன்று காலை கோவிலில் புஷ்பாஞ்சலிக்குச் சீட்டு எழுதக் கொடுத்தேன். பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கோ என்று கேட்டார்கள். பிச்சுமணி, உத்திராடம் என்று வாய் வரை வந்தது. ஏனோ சொல்லவில்லை. பேர் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது, நாற்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள், எல்லாருக்குமாக ஒன்று எழுதுங்கோ என்றேன். சீட்டு எழுதுகிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினார்.

உன் கையில் இருக்கும் அத்தனை குப்பிகளும் நல்ல கூட்டத்தில் சேரட்டும், கண்ணே. எது நம்முடையது என்று தெரியாததால் ஒன்றைக்கூட விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா கமலாக்ஷி